ஜெப அட்டையில் நான் எழுதிய நான்கு வரி

அந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவர் பயிற்சி ஐயா. எழுதிய கை என்னுடையது, அதை நான் மறைக்கவில்லை. எப்படி எழுத வேண்டும் என்று சொல்லித்தந்தவர் அவர். எழுதியதை ஒலிபெருக்கியில் வாசித்தவரும் அவர்.

என்னோடு சேர்ந்து அந்தப் பயிற்சியை எடுத்த பதினொரு பேருக்காக இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் இப்போது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. சிலருக்குத் தலை நரைத்துவிட்டது, எனக்கு முழங்கால் பிடிக்கிறது. சபையின் ஆண்டு மலருக்கு நமது முதல் தொண்டர் அணியைப் பற்றி இனிமையான நினைவு ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். என்னிடம் இனிமையானது இல்லை. இருப்பதைத் தருகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம். போடாவிட்டால் நானே நகல் எடுத்து உங்கள் வீடுகளுக்குக் கொண்டுவந்து தருவேன்.

சுனாமியாகக் கடல் வந்த அந்த மார்கழியில் எனக்குப் பதினான்கு வயது. நமது சபைக் கோயில் மட்டக்களப்பு வாவிக் கரையில் இருந்ததால் தப்பியது. கடற்கரைப் பக்கத்துச் சனம் முழுவதும் இந்தப் பக்கம் வந்தது. பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் தறப்பாள் கூடாரங்கள் அடித்தார்கள். தை மாத மழையில் தறப்பாளுக்குக் கீழே நிலம் ஊறிக் கிடக்கும், பகலில் வெயில் ஏறியதும் உள்ளே ஆவி பிடிப்பது போல் இருக்கும். மண்ணெண்ணெய், நனைந்த துணி, பால்மா, குளோரின் எல்லாம் கலந்த ஒரு வாடை அங்கே நிரந்தரமாக இருந்தது. மீன் வாடை மட்டும் இல்லை. அந்த மாதங்களில் யாரும் மீன் தின்னவில்லை. வாவி இறாலைக்கூட வாங்க ஆளில்லை. சோறும் பருப்பும் சோயாமீற்றும்தான்.

அப்போது பயிற்சி ஐயா வந்தார். சொந்த ஊர் நம்ம பக்கம், வேலை கொழும்பில். முப்பது வயது இருக்கும். வெள்ளைச் சேட்டின் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருப்பார். அவரோடு ஒரு வான் நிறையச் சாமான் வந்தது. சபைப் பிள்ளைகளைத் தொண்டர்களாகப் பயிற்றி, தேவையான உபகரணம் எல்லாம் கொடுத்து, முகாமுக்குள் அனுப்ப வேண்டும் என்றார். போதகர் சம்மதித்தார். பெரியவர்கள் எல்லாரும் சாமான் இறக்குவதிலும் பிணம் தேடுவதிலும் இருந்தார்கள். மிஞ்சியது நாங்கள்தான். மூத்தவனுக்குப் பதினெட்டு. ஆகச் சின்னவள் நான்.

உபகரணம் என்னவென்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதுகில் "தொண்டர்" என்று அச்சடித்த செம்மஞ்சள் மேற்சட்டை, எல்லாம் பெரியாட்கள் அளவு, எனக்கு முழங்கால்வரை வந்தது. ஒரு தொப்பி. ஒரு விசில், அது எதற்கு என்று இன்றைக்கும் தெரியாது. தோளில் போடும் பை. பைக்குள் பேனையும் வெளிர் நீல அட்டைக் கட்டும். அட்டையில் நான்கு வரி அச்சடித்திருந்தது: பெயர், வயது, இடம், விண்ணப்பம். அதுதான் ஜெப அட்டை. முகாமில் யாருக்கு என்ன குறை இருந்தாலும் அதில் எழுதி வர வேண்டும், ஞாயிறு ஆராதனையில் வாசித்து ஜெபிப்போம். ஆராதனையில் விண்ணப்பம் வாசிப்பது நமக்குப் புதிது இல்லை. அம்மாவின் முழங்கால் வலியும் மாமாவின் வெளிநாட்டு விசாவும் அங்கே வாசிக்கப்பட்டவைதான். யாரும் அதில் பிழை காணவில்லை. நமக்குள் வாசித்து நமக்குள் கேட்டது.

பயிற்சி மூன்று நாள். ஒருவர் அழுவது போல் நடிக்க வேண்டும், மற்றவர் கேட்பது போல் நடிக்க வேண்டும். கண்ணைப் பார். தலையை மெதுவாக ஆட்டு. பெண் பிள்ளைகள் பெண்களின் கையைப் பிடிக்கலாம். அவசரப்படுத்தாதே, அவர்களே சொல்வார்கள். ஐயா கையில் மணிக்கூடு வைத்துக்கொண்டு நிற்பார், நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அழுவோம். எங்களில் கடைக்காரரின் மகன் அழுதது ஆட்டுக்குட்டி கத்துவது போல் இருந்தது. அதற்கே அரை நாள் சிரித்தோம்.

மூன்றாம் நாள் அட்டை எழுதப் பழக்கினார். "விபரமா எழுதுங்க. பொதுவா ஜெபிச்சா பொதுவாத்தான் பதில் வரும்" என்றார். பெயர் தெளிவாக இருக்க வேண்டும், இடம் தெளிவாக இருக்க வேண்டும், என்ன கஷ்டம் என்பது வாசிப்பவர் கண்முன் தெரிய வேண்டும். ஒரு வரியில் எழுதியவர்களின் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். என்னுடையதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். எனக்குக் கையெழுத்து அழகு.

அப்போதுதான் கடைக்காரரின் மகன் கை தூக்கினான்.

"ஐயா, ஆராவது ரகசியம் சொன்னா? அதையும் எழுதிறதா?"

"கடவுளுக்கு ஏதுடா தம்பி ரகசியம்?" என்று சிரித்தார் ஐயா.

எல்லாரும் சிரித்தோம். நான் பலமாகச் சிரித்தேன். அவன் காது சிவந்துபோய் உட்கார்ந்தான். அந்தக் கேள்விக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் மிச்ச நேரம் முழுவதும் வீணாகப் போயிருந்தாலும் பரவாயில்லை. அதைக் கேட்டவனுக்குப் பதினாறு வயது. கேட்கப்பட்டவர் படித்தவர், சான்றிதழ் வைத்திருந்தவர். பிறகு நம் எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தார்.

முகாமுக்குப் போனோம். சனம் எங்களைப் பார்த்து, "தொப்பிக்காரப் புள்ளயள் வந்திட்டுது, எழும்புங்க" என்று பகிடி பண்ணியது. ஒரு கிழவர் எங்களில் ஐந்து பேரிடம் தனித்தனியாக ஒரே விண்ணப்பத்தைக் கொடுத்தார், இடுப்பில் கட்ட ஒரு சாறனும் ஒரு சீப்பும் வேண்டுமென்று. ஏன் அப்பப்பா ஐந்து தரம் என்று கேட்டேன். "ஒருத்தருக்கில்லாட்டி ஒருத்தருக்குக் காது கேக்கும். நீ எழுது மகள். மறுகா மண்டூர் முருகனுக்கும் ஒரு கொப்பி அனுப்பிவிடு, அவர் எனக்குப் பழக்கமான ஆள்" என்றார். அதையும் எழுதினேன். அதிக அட்டை கொண்டுவருபவருக்கு இழுத்து மூடும் சிப் வைத்த வேதாகமம் பரிசு என்று ஐயா அறிவித்திருந்தார். நான் எண்ணிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் வரிசையில் ஒரு மாமி இருந்தா. ஊர் வாகரைக்கு அங்கால், வடக்குக் கரை. புருசனையும் கடைசி மகனையும் கடல் கொண்டுபோய்விட்டது. யாரோடும் பேசமாட்டா. கூடார வாசலில் இருந்து கையால் மண்ணைச் சமப்படுத்திக்கொண்டே இருப்பா. எங்களில் மூன்று பேர் முயன்று பார்த்துத் திரும்பிவிட்டார்கள். நான் நான்கு நாள் போனேன். பக்கத்தில் இருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் கையைப் பிடித்தேன். கண்ணைப் பார்த்தேன். தலையை மெதுவாக ஆட்டினேன். பழக்கியபடியே செய்தேன். மாமி பேசினா.

ஒரு மகள் மிச்சம் இருக்கிறாள் என்றா. பதினாறு வயது. கடல் வந்ததற்கு முந்திய வருடம் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த சித்திரையில் இயக்கத்துக்குள்ளேயே பிளவு வந்து பிள்ளைகளை வீட்டுக்கு விட்டபோது அவளும் வந்து சேர்ந்தாள். திரும்பக் கொண்டுபோக ஆட்கள் வீடு வீடாக வரத் தொடங்கியதும், மாமி அவளைத் தன் தம்பியிடம் உன்னிச்சைக்கு அனுப்பிவிட்டா. அதனால்தான் கடல் வந்த அன்று அவள் கரையில் இல்லை. அதனால்தான் உயிரோடு இருக்கிறாள்.

"ஒருத்தருக்கும் சொல்லயில்ல மகள். ஒனக்குத்தான் சொல்றன். நெஞ்சு வெடிச்சிரும் போல கிடக்கு. ஒங்கட சாமிக்கிட்டயாவது சொல்லு, அவளை மட்டும் எனக்கு மிச்சம் விடச் சொல்லி."

நான் அட்டையை எடுத்தேன். பெயர். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன், ஒருமுறை எழுதியது போதும். வயது, பதினாறு. இடம், உன்னிச்சை, குளக்கட்டுக்குக் கிட்ட மாமா வீடு. விண்ணப்பம், இயக்கத்திலிருந்து திரும்பி வந்த மகளைத் திரும்பவும் பிடித்துக்கொண்டு போகாதபடி ஆண்டவர் காக்க வேண்டும். நான் எழுதுவதை மாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தா. மாமிக்கு வாசிக்கத் தெரியாது. இது எங்கே போகும் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு கையாலும் என் முகத்தைத் தடவி நெட்டி முறித்துவிட்டா.

இதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். பயிற்சி பலிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் பலித்தது. அடுத்தவர் வாயைத் திறக்க எங்களைப் பழக்கினார். எங்கள் வாயை மூட ஒருவரும் பழக்கவில்லை.

அந்த ஞாயிறு கோயிலுக்குள் இடம் போதவில்லை. முகாம் சனமும் கேட்கட்டும் என்று வாசல் வேம்பில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். வாய் றோட்டைப் பார்த்து இருந்தது. வேதாகமப் பரிசு எனக்குக் கிடைத்தது. அம்மா முன் வரிசையில் இருந்து கண் துடைத்தா. பிறகு ஐயா அட்டைக்கட்டைக் கையில் எடுத்தார். ஒரு தொண்டர் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு இது உதாரணம் என்று சொல்லி என்னுடைய அட்டையை வாசித்தார். பெயர், வயது, இடம், விண்ணப்பம். நிறுத்தி நிறுத்தி, அழகாக வாசித்தார். சபை ஆமென் என்றது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஒருத்தருக்கும் குறுக்கே பேசத் தோன்றவில்லை. எழுபது வயதுக்காரரும் இருந்தார்கள், பள்ளி அதிபரும் இருந்தார். அந்த ஊரில், அந்தக் காலத்தில், எதை எங்கே சொல்லக் கூடாது என்று தெரியாமல் யாராவது உயிரோடு இருந்திருக்க முடியுமா? வீதியில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கோயிலுக்குள் வந்ததும் மறந்துவிட்டோம். ஜெபம் என்றால் பாதுகாப்பு என்று நினைத்தோம்.

மாமி அன்று முகாமில் இல்லை, அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில் இருந்தா.

புதன்கிழமை பகல் மாமியின் தம்பி சைக்கிளில் முகாமுக்கு வந்தார். நான் பால்மா பகிர்ந்துகொண்டு நின்றேன். கரடியனாற்று றோட்டுப் புழுதி அவருடைய தலைமயிர்வரை ஏறியிருந்தது. வயல்வட்டையில் வெள்ளாமை வெட்டு நடந்துகொண்டிருந்ததாம், பிள்ளை வெட்டுகாரருக்குத் தேநீர் கொண்டுபோயிருக்கிறாள். வெட்டைவெளியில், முந்திய நாள் நடுப்பகலில் வாகனம் வந்து நின்றிருக்கிறது. இறங்கியவர்கள் யாரையும் விசாரிக்கவில்லை. குளக்கட்டடி வீட்டுக்கு வந்த வாகரைப் பிள்ளை என்று சொல்லி, பெயரையும் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எந்தப் பிரிவு ஆட்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த நாட்களில் பிடிக்க வருபவர்கள் ஒரு பகுதியார் மட்டும் இல்லை. அவர் இதைச் சொல்லும்போது மாமி மண்ணைச் சமப்படுத்திக்கொண்டே இருந்தா.

ஒலிபெருக்கி விசயம் முகாமில் எல்லாருக்கும் தெரியும். அன்று பின்னேரத்துக்குள் யாரோ மாமிக்குச் சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் காலை தண்ணீர் பவுசர் வண்டி வந்த இடத்தில் மாமி வாளியோடு எனக்கு முன்னால் வந்து நின்றா. சத்தம் போடவில்லை.

"நான் ஒனக்கிட்டத்தானேகா சொன்னன்."

நான், சாமியிடம்தான் சொன்னோம் மாமி என்றேன்.

"ஒங்கட சாமிக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டினாத்தான் கேக்குமா?"

வரிசையில் நின்ற சனம் முழுவதும் என்னைப் பார்த்தது. அந்தச் செம்மஞ்சள் சட்டை என் உடம்பில் இருந்தது. மாமி வாளியை நிரப்பாமல் திரும்பிப் போனா.

அன்றைக்கே ஐயா எங்களைக் கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டார். நாம் பன்னிரண்டு பேரும் அங்கே இருந்தோம், மறக்கவில்லைதானே? நம் நோக்கம் நல்லது என்றார். இது விசுவாசத்துக்கு வந்த சோதனை என்றார். ஒலிபெருக்கியால்தான் தெரியவந்தது என்று யார் நிரூபிப்பது, உன்னிச்சையிலும் ஆட்கள் இருக்கிறார்கள்தானே என்றார். இருக்கலாம். நான் அதை மறுக்கவில்லை. சித்திரையிலிருந்து ஒன்பது மாதத்துக்கு மேல் ஒளிந்திருந்த பிள்ளையை, பெயரும் இடமும் றோட்டுக்குக் கேட்க வாசித்து மூன்றாம் நாள் கொண்டுபோனார்கள். நான் சொல்வது இவ்வளவுதான். கடைசியில், மூன்றாம் வரிசைப் பக்கம் கொஞ்ச நாள் போகாதீர்கள் என்றார். கடைக்காரரின் மகன் சட்டையையும் தொப்பியையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். நாங்கள் பதினொரு பேர் இருந்தோம். நானும் இருந்தேன்.

போதகர் அடுத்த நாள் ஏணி வைத்துத் தானே ஏறி ஒலிபெருக்கியைக் கழற்றினார். எங்கே பிழை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாகும்வரை அதைப்பற்றிப் பேசவில்லை. பயிற்சி ஐயா பங்குனியில் வேறு ஊருக்குப் போனார். அதே நீல அட்டைக் கட்டுகளோடு போனார்.

அந்தச் சட்டையை அம்மா பிறகு அடுப்படியில் நிலம் துடைக்கப் போட்டா. விசில் எங்கே போனதென்று தெரியவில்லை. வேதாகமத்தின் சிப் உப்புக்காற்றில் இறுகிப்போய்த் திறக்க வராமல் கிடந்தது. நானும் இழுத்துப் பார்க்கவில்லை.

மாமி வாகரைக்குத் திரும்பிப் போனா, சண்டையில் திரும்பவும் இடம்பெயர்ந்து வந்தா, மறுபடியும் போனா. யுத்தம் முடிந்த வருடம் மாமியின் தம்பி என்னைத் தேடி வந்தார். வவுனியா முகாம்களில் இயக்கத்தில் இருந்த பிள்ளைகள் இருக்கிறார்களாம், அக்கா போக நிற்கிறா, தனக்கும் எழுத வாசிக்கத் தெரியாது, நீ வருவாயா என்று கேட்டார். எனக்குப் பத்தொன்பது வயது. போனேன். பஸ்ஸில் மாமி என் பக்கத்தில் இருந்தா. பிளாஸ்ரிக் உறையில் போட்ட ஒரு படத்தை மடியில் வைத்திருந்தா, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு எடுத்த படம். கம்பி வேலிக்கு வெளியே ஒரு மேசையில் ஒருவர் படிவம் கொடுத்தார். பெயர், வயது, கடைசியாக இருந்த இடம். நான் பேனையை மேசையிலேயே வைத்தேன். மாமி படிவத்தை என் பக்கம் தள்ளினா.

"எழுது. நீதானே வடிவா எழுதிற புள்ள."

எழுதினேன். பிள்ளை அந்த முகாமிலும் இல்லை, அடுத்ததிலும் இல்லை. இன்றைக்குவரை இல்லை. மாமி உயிரோடு இருக்கிறா. நான் வருடத்துக்கு இரண்டு தரம் போவேன். தேநீர் தருவா. மன்னிப்பு என்ற சொல்லை நானும் எடுக்கவில்லை, மாமியும் எடுக்கவில்லை.

நான் இப்போது குடும்பநல மருத்துவமாது. வயிற்றில் பிள்ளை உள்ள வீடு, இல்லாமல் போன வீடு, மனைவிக்கு அடிக்கும் வீடு எல்லாம் எனக்குத் தெரியும். அந்த வேலைக்குப் பயிற்சி தந்தபோது முதல் நாள் காலையிலேயே எங்கள் மேற்பார்வையாளர் அம்மா எங்களை எழுப்பி நிற்கவைத்துச் சொன்னா: நீங்கள் ஒரு வீட்டில் கேட்டது அடுத்த வீட்டுப் படலைக்குப் போகக் கூடாது, கொப்பியைச் சைக்கிள் கூடையில் திறந்து வைக்கக் கூடாது, எழுதும் முன் எழுதலாமா என்று கேட்க வேண்டும், எழுதுவது யார் கைக்குப் போகும் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவவுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் மலசலகூடத்துக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பத்து நிமிடத்தில் சொல்லக்கூடிய விசயம். நமக்கு மூன்று நாள் கொடுத்தார்கள்.

இதை இப்போது ஏன் கிளறுகிறாய் என்று உங்களில் இரண்டு பேர் தொலைபேசியில் கேட்டீர்கள். காரணம் இருக்கிறது. பயிற்சி ஐயா தொண்டர் பயிற்சிக்கு ஒரு கைநூல் எழுதியிருக்கிறார். அதில் ஜெப அட்டை முறைக்கு ஒரு முழு அத்தியாயம். மட்டக்களப்பில் கடல் அழிவுக்குப் பிறகு சிறு பிள்ளைகளைக் கொண்டே மிகச் சிறப்பாக நடத்திக் காட்டியதாக எழுதியிருக்கிறார். நம் படமும் இருக்கிறது. நான் முன்னால் நிற்கிறேன், பல்லைக் காட்டிக்கொண்டு. அந்த நூலை வைத்துப் புதிய அணிக்குப் பயிற்சி கொடுக்க அவர் ஆண்டுவிழாவுக்கு முதல் நாள் நம் கோயிலுக்கு வருகிறார். இப்போது அட்டை இல்லை, கைத்தொலைபேசியில் எழுதிக் குழுவுக்கு அனுப்ப வேண்டுமாம். போதையில் விழுந்த பிள்ளை உள்ள வீடு, கடன்காரருக்குப் பயந்து ஒளிந்திருக்கும் பெண், எல்லாவற்றையும் விபரமாக. தெரிவு செய்த பிள்ளைகளின் பெயர்களில் என் மகளின் பெயரும் இருக்கிறது. அவளுக்குப் பதின்மூன்று. அவளுடைய கையெழுத்தும் அழகு என்று ஆசிரியை சொன்னாவாம்.

அந்தக் கைநூலை நான் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். எதை எழுதக் கூடாது என்று ஒரு வரி இல்லை.

ஆகவே, பயிற்சி ஐயா, இதன் நகல் உங்களுக்கும் வரும், உங்களைத்தான் கேட்கிறேன். தனியாக என்னோடு பேச வேண்டாம். இப்போதைய போதகர் வீட்டில் தேநீர் வைத்துச் சமாதானம் பண்ணவும் வேண்டாம். பயிற்சி தொடங்கும் அன்று காலை, அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய தாய் தகப்பனுக்கும் முன்னால் எழும்பி நின்று பதில் சொல்லுங்கள். ரகசியம் சொன்னால் எழுதுவதா என்று ஒரு பையன் உங்களைக் கேட்டானா, இல்லையா? நீங்கள் சிரித்தீர்களா, இல்லையா? அந்த அட்டையை வாசித்தது யார்? மூன்றாம் நாள் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்த பிறகும் அந்த முறையை இத்தனை வருடமாக எத்தனை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்? வாகரையிலிருந்து மாமியைக் கூட்டிக்கொண்டு வந்து முன் வரிசையில் இருத்துவேன். வர மாமி சம்மதித்துவிட்டா. அவவைப் பார்த்துச் சொல்லுங்கள்.